மீட்டரில் 97 காட்டுகிறது, பிறகு ஏன் அவருக்கு மூச்சு வாங்குகிறது?

தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று முதல் வரியிலேயே கேட்டுக்கொண்டதால் அடையாளம் தெரியாதபடி சுருக்கிச் சொல்கிறேன். அவருக்கு வயது 31, பீடி சுற்றுகிறார். கணவருக்கு 38, லோடு ஆட்டோ ஓட்டுபவர். மூன்று மாத இருமல், சாயங்காலக் காய்ச்சல், 52 கிலோவிலிருந்து 44 கிலோவுக்கு இளைத்துப்போன உடம்பு. சளியில் காசநோய்க் கிருமி இருப்பது உறுதியாகி, அரசு மாத்திரை ஆரம்பித்து ஏழு வாரம் ஆகிறது. காய்ச்சல் நின்றுவிட்டது, இருமல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, எடை 46 ஆகியிருக்கிறது. ஆனால் தட்டட்டிக்கு (மொட்டை மாடிக்கு) ஏறினால் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கக் கொரோனா சமயத்தில் வாங்கிய விரல் மீட்டரை மாட்டிப் பார்த்தால் 97 காட்டுகிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4.

இதற்கிடையில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மூத்திரம் சிவப்பாகப் போவதைப் பார்த்து, "மாத்திரைச் சூட்டில் ரத்தம் கரைந்து போகுது" என்று மாமியார் நான்காவது வாரத்தில் நான்கு நாள் மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டார். தெரிந்தவர் ஒருவர் மாதம் 3,800 ரூபாய்க்கு ஒரு ஆன்டிஆக்சிடன்ட் பவுடரைக் கொண்டுவந்து, நுரையீரல் விஷத்தை எல்லாம் இது எடுத்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். கொழுந்தன் ஆக்ஸிஜன் மெஷின் வாங்கச் சொல்கிறார், அதற்காகக் கழுத்துச் செயினை அடகு வைக்கலாமா என்று யோசனை. மெடிக்கல் ஷாப்பில் இரும்புச் சத்து டானிக் கேட்கலாமா, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) தினமும் கொடுக்கலாமா, நான்கு வயது மகளை அப்பாவிடம் விடலாமா என்றும் கேட்டிருக்கிறார். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், "அவர் ஒளிந்து ஒளிந்து நாலைந்து பீடி குடிக்கிறார், எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்கும் இந்த மூச்சு வாங்கலுக்கும் சம்பந்தம் உண்டு.

அம்மா, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். செயினை அடகு வைக்காதீர்கள், பவுடர் வாங்காதீர்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு வேண்டியதில் பெரும்பங்கு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. எப்படி என்று கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், அத்தையையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

97 எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

மீட்டர் பொய் சொல்லவில்லை. நாம்தான் அது சொல்லாததையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம். ரத்தத்தின் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது, ஆக்ஸிஜனைச் சுமப்பது அதுதான். திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் பாளையங்கோட்டைக்கும் ஓடுகிற டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் பஸ், அதில் உட்காருகிற ஆள் ஆக்ஸிஜன். ஓடுகிற பஸ்களில் எத்தனை சதவீதம் சீட் நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும்தான் விரல் மீட்டர் சொல்லும். மொத்தம் எத்தனை பஸ் ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. பத்து பஸ் ஓட வேண்டிய தடத்தில் ஆறுதான் ஓடுகிறது என்றால், எல்லா சீட்டும் நிரம்பியிருந்தாலும் போய்ச் சேருகிற ஆள் குறைவுதானே. உங்கள் வீட்டுக்காரர் உடம்பில் நடப்பது அதுதான்.

கணக்காகவே சொல்கிறேன். ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லி ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்ளும். ஹீமோகுளோபின் 14.5 உள்ள ஒரு ஆணுக்கு, மீட்டர் 97 காட்டும்போது 100 மில்லி ரத்தத்தில் சுமார் 19 மில்லி ஆக்ஸிஜன் போகும். 8.4 உள்ளவருக்கு அதே 97-இல் சுமார் 11 மில்லிதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இந்த 11 போதும், ஏனென்றால் ஓய்வில் உடம்பு ரத்தத்திலிருந்து கால் பங்கு ஆக்ஸிஜனைத்தான் எடுத்துக்கொள்கிறது. இதயம் கொஞ்சம் வேகமாக அடித்துச் சரிக்கட்டிவிடும். சிவப்பணுக்களும் தங்கள் பங்குக்கு ஆக்ஸிஜன் மீதுள்ள பிடியைத் தளர்த்தி, திசுக்களுக்கு வழக்கத்தைவிடத் தாராளமாக இறக்கிவிடும். படியேறும்போது தொடைத் தசை பல மடங்கு கேட்கிறது, அப்போதுதான் பற்றாக்குறை வெளியே தெரிகிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. காசநோய் நுரையீரலில் ஒரு பகுதியை அரித்திருக்கும்போது, காற்று சரியாகப் போகாத அந்தப் பகுதிக்குப் போகிற ரத்தக் குழாய்கள் தாமாகவே சுருங்கிக்கொள்ளும். நெல் வயலில் ஒரு மடையை அடைத்துத் தண்ணீரை அடுத்த வயலுக்குத் திருப்பிவிடுகிறோமே, அதே மாதிரி ரத்தம் நல்ல பகுதிக்குத் திருப்பிவிடப்படும். அதனால்தான் எக்ஸ்ரேயில் பயமுறுத்துகிற அளவுக்குத் தழும்பு இருந்தும் உட்கார்ந்திருக்கையில் மீட்டர் நன்றாகக் காட்டுகிறது. நடக்கும்போது, திருப்பிவிட இடமில்லாமல், அது இறங்கலாம். அதனால் ஓய்வில் மட்டும் பார்க்காமல், ஐந்து நிமிடம் உட்கார வைத்து ஒரு முறை, வீட்டு முன்னால் சமதரையில் ஆறு நிமிடம் அவர் வேகத்தில் நடக்க வைத்து ஒரு முறை பாருங்கள். விரல் சூடாக இருக்க வேண்டும், நகத்தில் பூச்சு எதுவும் கூடாது, எண் ஆடாமல் நிற்கும்வரை பொறுங்கள். நடந்த பிறகு 4 புள்ளிக்கு மேல் இறங்கினால் அதைக் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். நடக்கும்போதே தலை கிறுகிறுத்தால் நிறுத்திவிடுங்கள், ஆறு நிமிடத்தை முடித்தே தீர வேண்டும் என்பதில்லை.

அந்த நாலைந்து பீடி

பீடிப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக ஹீமோகுளோபினை இறுகப் பிடித்துக்கொள்கிற வாயு அது. பஸ்ஸில் ஏறி சீட்டைப் பிடித்துவிட்டு இறங்கவே மாட்டேன் என்கிற ஆள். விரல் மீட்டர் இரண்டு நிற ஒளியை விரலுக்குள் செலுத்திப் பார்த்துதான் கணக்குச் சொல்கிறது. கார்பன் மோனாக்சைடு உட்கார்ந்திருக்கிற சீட்டையும் ஆக்ஸிஜன் சீட் என்றே அது எண்ணிவிடும். புகைப்பவர்களிடம் 5 சதவீத சீட்டோ அதற்கு மேலோ இப்படிப் பறிபோயிருப்பது சாதாரணம். அதனால் அவருடைய 97-இலும் ஒரு பங்கு போலி. 14.5 உள்ளவர் இந்த 5 சதவீதத்தைத் தாங்கிக்கொள்வார். 8.4-இல் இருப்பவருக்கு அது வாயிலிருந்து பிடுங்கின சோறு.

நல்ல சேதி என்னவென்றால், விட்ட நான்கைந்து மணி நேரத்தில் இந்த வாயு பாதியாகக் குறையும், ஒரு நாளில் பெரும்பகுதி வெளியேறிவிடும். அவரிடம் சண்டை போடாதீர்கள். "எனக்குத் தெரியும், டாக்டர் இப்படிச் சொன்னார்" என்று மட்டும் சொல்லி இந்தப் பகுதியைப் படிக்கக் கொடுங்கள். காசநோய் மருந்து கொடுக்கிற இடத்திலேயே புகை விட உதவி கேட்கலாம், அது சிகிச்சையின் ஒரு பகுதிதான். அப்புறம், நீங்கள் பீடி சுற்றுகிற சுளகை அவர் படுக்கிற அறையில் வைக்காமல் காற்றோட்டமான வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்தத் தூள் உங்களுக்கும் மகளுக்கும்கூட நல்லதில்லை. உங்கள் பிழைப்பே அதுதான் என்று தெரிந்துதான் சொல்கிறேன், வேலையை விடச் சொல்லவில்லை.

மூத்திரம் சிவப்பது ரத்தம் இல்லை

அத்தை பயந்ததில் தப்பே இல்லை. பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அந்த ஆரஞ்சு கலந்த சிவப்பு ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம். மூத்திரம் மட்டுமா, வியர்வை, கண்ணீர், எச்சில்கூட நிறம் மாறும், வெள்ளைச் சட்டை கறைபடும். மருந்து உடம்புக்குள் போய் வேலை செய்கிறது என்பதற்கு அது ஒரு அடையாளம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

மருந்தால் ரத்தம் குறையவே குறையாதா என்றால், மிக அரிதாகக் குறையும். ரிஃபாம்பிசின் ஒருசிலரிடம் சிவப்பணுக்களை உடைக்கலாம். இதில் கவனிக்க வேண்டியது, இந்த ஒவ்வாமை மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிடுபவர்களிடம்தான் அதிகம் வருகிறது. ஆக, நான்கு நாள் நிறுத்தியது பாதுகாப்பு என்று நினைத்துச் செய்தது, உண்மையில் ஆபத்தின் பக்கம் போன காரியம். ஐசோனியாசிட் என்ற மாத்திரை பி6 வைட்டமினைக் குறைக்கும். அதனால் கை கால் மதமதப்பு வரும், சிலரிடம் ரத்த உற்பத்தியும் தடைபடும், அதற்காகத்தான் பி6 மாத்திரை கூடவே தருகிறார்கள். அந்தச் சின்ன மாத்திரையைச் சத்து மாத்திரைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

விட்டுப்போன நான்கு நாளை மறைக்காமல் சுகாதாரப் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள், திட்டினாலும் பரவாயில்லை. விட்ட நாட்களைக் கணக்கில் சேர்த்துச் சிகிச்சையை நீட்டிக்கொடுப்பார்கள். இரண்டு மாத முடிவில் எடுக்கிற சளிப் பரிசோதனையைத் தவறவே விடக்கூடாது. விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும், அப்புறம் இதைவிடக் கடினமான மருந்துகளை இதைவிட நீண்ட காலம் சாப்பிட வேண்டி வரும்.

இரும்பு டானிக்கும் சுவரொட்டியும்

ரத்தம் குறைவு என்றதும் நம் ஊரில் எல்லோரும் சொல்வது இரும்புச் சத்துதான். இங்கே விஷயம் கொஞ்சம் வேறு. காசநோய்க் கிருமி வளர இரும்பு வேண்டும், அதைப் பிடுங்கிக்கொள்வதற்கென்றே ஒரு பொருளைச் சுரக்கும். உடம்புக்கு இது தெரியும். அழற்சி வந்தவுடன் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரந்து, குடலிலிருந்து இரும்பு ஏறுவதையும், சேமிப்பிலிருந்து வெளியே வருவதையும் அடைத்துவிடுகிறது. திருடன் வந்திருக்கிறான் என்று பெட்டியைப் பூட்டுகிற மாதிரி. இரும்பு உடம்பிலேயே இருக்கும், ஆனால் எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேராது, சிவப்பணு உற்பத்தி குறையும். பல காசநோயாளிகளின் ரத்தசோகை இந்த வகைதான்.

இப்போது டானிக்கை ஊற்றினால், பூட்டின பெட்டிக்கு வெளியே பணத்தைக் கொட்டுகிற கதை. பெரிதாக உறிஞ்சாது. உறிஞ்சினாலும் கட்டில்லாமல் திரிகிற இரும்பு, உடம்பில் உண்டாகிற ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து மிக மோசமான ஒரு ரசாயனத் துணுக்கை உண்டாக்கும், அது சிவப்பணுவின் சவ்வையே தாக்கும். காசநோயாளிக்கு அவசரப்பட்டு இரும்பு கொடுக்காதீர்கள் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ட்ரூசோ என்ற பிரெஞ்சு மருத்துவர் எச்சரித்திருக்கிறார், காரணம் அவருக்கு இத்தனை விளக்கமாகத் தெரிந்திருக்காது.

அதற்காக இரும்பே கூடாது என்றும் நான் சொல்ல வரவில்லை. சிலருக்கு உண்மையான இரும்புப் பற்றாக்குறையும் சேர்ந்தே இருக்கும். குடல் புழு, மூலத்தில் ரத்தம் போவது, பி12 குறைவு இவையும் இருக்கலாம். இதைப் பிரித்துச் சொல்ல, இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் உள்ளிட்ட சில ரத்தப் பரிசோதனைகள் இருக்கின்றன. ஆனால் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும், அதனால் முடிவை டாக்டர்தான் படித்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்களுக்குக் கிருமி அடங்க அடங்க, ஆறு மாதத்துக்குள் ஹீமோகுளோபின் தானாகவே ஏறுகிறது. அதாவது அவருடைய ரத்தம் ஊறுவதற்கான முதல் மருந்து, வீட்டில் சந்தேகப்பட்டு நிறுத்திய அதே மாத்திரைகள்தான். மூன்றாவது மாதத்தில் ஒரு முறை ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள், ஏறவில்லை என்றால் மற்ற காரணங்களைத் தேடலாம். 8.4 ரத்தம் ஏற்றுகிற அளவும் இல்லை, பொதுவாக 7-க்குக் கீழே போனால்தான் அந்த யோசனை வரும்.

சுவரொட்டி கொடுக்கலாம், வாரம் ஒன்றிரண்டு நாள், நன்றாக வேகவைத்து. டானிக் மாதிரி அது திடீரென்று ஏறாது, புரதமும் சேர்ந்தே வருகிறது. தினமும் அதற்கே காசைச் செலவழிக்க வேண்டாம்.

3,800 ரூபாய்ப் பவுடர்

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, உங்கள் மேல் இல்லை. நோய் வந்த வீட்டின் பயத்தை அளந்து விலை வைக்கிறவர்கள் மேல்.

அந்த ஆள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. நம் வெள்ளை அணுக்கள் காசநோய்க் கிருமியை விழுங்கியதும் ஆக்ஸிஜனிலிருந்தே சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற கூர்மையான துணுக்குகளைத் தயாரித்து அதன் மேல் வீசும். இது நம் ஆயுதம். பிறவியிலேயே இந்த ஆயுதத்தைத் தயாரிக்க முடியாத குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கிருமித் தொற்று வரும், காசநோயும் எளிதில் வரும். ஆனால் மாதக் கணக்கில் சண்டை நீளும்போது வீசுகிற ஆயுதம் சொந்த நுரையீரலின் மேலும் விழுகிறது. உயிரணுக்களின் சவ்வில் உள்ள கொழுப்பு சிதைகிறது, அதன் மிச்சமான மாலோன்டைஆல்டிஹைடு காசநோயாளிகளின் ரத்தத்தில் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. இந்தத் துணுக்குகளை அணைக்கிற ஆன்டிஆக்சிடன்ட் பொருள்களான குளுட்டாதியோன், வைட்டமின் சி, வைட்டமின் இ எல்லாம் குறைந்திருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். நாள் முழுக்க ஆக்ஸிஜனையே சுமக்கிற சிவப்பணுவுக்கு இதில் பாதிப்பு அதிகம். 120 நாள் வாழ வேண்டியது சவ்வு விறைத்துப்போய் முன்னதாகவே அழியலாம். மூச்சு வாங்குவதற்கும் இந்தச் சமநிலை குலைவதற்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு.

சரி, அப்படியென்றால் ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தால் சரியாகிவிடுமே என்றுதான் யாருக்கும் தோன்றும். மருத்துவர்களுக்கும் தோன்றியது. ஆனால் ரத்தத்தில் ஒரு பொருள் குறைந்திருக்கிறது என்பதும், அதை டப்பாவில் வாங்கிக் கொட்டினால் நோய் சீக்கிரம் குணமாகும் என்பதும் வேறு வேறு. அதிக அளவு ஆன்டிஆக்சிடன்ட் காசநோயைச் சீக்கிரம் குணப்படுத்தும் என்பதற்கு இதுவரை உறுதியான நிரூபணம் இல்லை. புகைப்பவர்களிடம் இது விபரீதமாகவும் போயிருக்கிறது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கிற 29,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கலாம் என்று நம்பி பீட்டா கரோட்டின் மாத்திரையும் வைட்டமின் இ மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. கேரட் சாப்பிடுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, நான் சொல்வது டப்பாவில் வருகிற பெரிய டோஸ். உங்கள் வீட்டுக்காரர் ஒளிந்து பீடி குடிக்கிறவர் என்பதை அந்த வியாபாரி கேட்டாரா?

இன்னொரு பயம் கல்லீரல். காசநோய் மாத்திரைகளில் மூன்று கல்லீரலைத் தொடக்கூடியவை. மேலே பெயர் தெரியாத மூலிகைப் பொடி சேர்ந்தால், மஞ்சள் காமாலை வந்தபின் எதனால் வந்தது என்றே கண்டுபிடிக்க முடியாமல் எல்லா மாத்திரையையும் நிறுத்த வேண்டி வரும். சாராயமும் அந்தக் கணக்கில்தான்.

அணைக்கிற பொருள்களை உடம்பே தயாரித்துக்கொள்ளும், மூலப்பொருள் கொடுத்தால் போதும். குளுட்டாதியோன் புரதத்திலிருந்து உண்டாவது. முட்டை தினமும் இரண்டு, உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும், கடலை, சாளை மீன், முருங்கைக்கீரை, ஒரு பெரிய நெல்லிக்காய் அல்லது கொய்யா. இவ்வளவுதான். 3,800 ரூபாய்க்கு இந்தச் சாப்பாடு மூன்று பேருக்கு எத்தனை நாள் வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். மீனில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஐசோனியாசிட் சாப்பிடுகிறவர்களுக்குச் சூரை மீன், அதிலும் பழசாகிப்போனது, முகம் சிவந்து படபடப்பும் தலைவலியும் உண்டாக்கலாம். அதைத் தவிர்த்துப் புதுச் சாளையை வாங்குங்கள்.

சாப்பாடு மருந்தாகுமா என்ற சந்தேகத்துக்கு நம் நாட்டிலேயே பதில் கிடைத்திருக்கிறது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளுக்கு மாதம் 10 கிலோ உணவுப் பொருளை, அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் என்று கொடுத்து, கூடவே வைட்டமின் மாத்திரையும் தந்து பார்த்த ரேஷன்ஸ் ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களிடம் இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. வீட்டில் இருந்தவர்களுக்கும் உணவு கொடுத்தபோது, அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவதும் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. 44 கிலோவில் 5 சதவீதம் என்பது 2 கிலோ 200 கிராம். அவர் ஏழு வாரத்தில் 2 கிலோ ஏறியிருக்கிறார். நீங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையில் கடந்துபோன அந்த 46தான், எனக்கு அந்த ஆறு பக்கத்திலும் மிகச் சந்தோஷம் தந்த எண்.

ஆக்ஸிஜன் மெஷின்

வேண்டாம். பஸ் ஏற்கெனவே நிரம்பியிருக்கும்போது ஸ்டாப்பில் ஆளைக் கூட்டி என்ன பிரயோஜனம்? 97-ஐ 100 ஆக்கினாலும் 100 மில்லி ரத்தத்தில் கூடுதலாக ஒரு மில்லிகூடத் தேறாது. ஹீமோகுளோபின் 8.4-இலிருந்து 10 ஆனால் 2 மில்லிக்கு மேல் கிடைக்கும். தேவையில்லாத ஆக்ஸிஜன் அந்தக் கூர்மையான துணுக்குகளை இன்னும் கூட்டவும் செய்யும். பீடி பற்ற வைக்கிற வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் வைப்பதை நினைத்தாலே எனக்குப் பகீரென்கிறது. மீட்டர் உண்மையிலேயே இறங்கினால் அது வீட்டில் மெஷின் வைத்துப் பார்க்கிற நிலைமையும் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலைமை.

அந்த நிலைமை எது என்பதற்குத் தமிழ்நாட்டில் 2022-இல் ஆரம்பித்த காசநோய் இறப்பில்லாத் திட்டம் எளிதாக ஒரு வழி வைத்திருக்கிறது. காசநோய் என்று தெரிந்தவுடன் எடை, உயரம், மீட்டர் எண், மூச்சு எண்ணிக்கை, கால் வீக்கம், துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்பதைப் பார்த்து, ஆபத்தில் உள்ளவர்களை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். அதையே நீங்களும் வீட்டில் பாருங்கள். ஓய்வில் மீட்டர் 94-க்குக் கீழே இறங்கினாலோ, நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு வாங்கினாலோ, எழுந்து நிற்க முடியாமல் போனாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, திடீரென்று ஒரு பக்கம் நெஞ்சு வலித்து மூச்சு அடைத்தாலோ 108-ஐக் கூப்பிட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கண் மஞ்சளானாலோ, தொடர்ந்து வாந்தி வந்தாலோ, நிறங்கள் மங்கித் தெரிந்தாலோ அன்றைக்கே மாத்திரை தருகிற டாக்டரைப் பாருங்கள். எந்த மாத்திரையை நிறுத்துவது என்பதை அவர் சொல்வார். மூத்திர நிறத்தை வைத்து மஞ்சள் காமாலையைப் பார்க்க முடியாது என்பதால் கண்ணைப் பாருங்கள், பகல் வெளிச்சத்தில்.

உங்களுக்கு வர வேண்டியவை

சத்துணவுக்காக நிக்ஷய் போஷன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்கில் வர வேண்டும். 2018-இல் 500 ஆக ஆரம்பித்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கப்பட்டது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாததால், வங்கி விவரம் பதிவாகவில்லையோ என்று நினைக்கிறேன். மருந்து வாங்குகிற இடத்தில் கேளுங்கள், இல்லையென்றால் 1800 11 6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். காசநோயாளிகளுக்கு உதவ முன்வருகிற நிக்ஷய் மித்ரா தன்னார்வலர்கள் மூலம் உணவுப் பொட்டலம் கிடைக்க வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். அவருக்குச் சர்க்கரை நோய்க்கும் எச்ஐவிக்கும் பரிசோதனை ஆகிவிட்டதா என்று பாருங்கள், அது எல்லாக் காசநோயாளிக்கும் செய்வது, சந்தேகப்பட்டுச் செய்வதில்லை. உங்களிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே இருக்கிற மத்திய அரசு மருத்துவமனையில் குடும்பத்துக்கு என்ன உதவி கிடைக்கும் என்றும் விசாரித்துவிடுங்கள்.

மகள்

அப்பாவைத் தார்சாவில் (வராந்தாவில்) தனியாகப் படுக்க வைத்து, தட்டும் டம்ளரும் தனியாக வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். தார்சா நல்ல காற்றோட்டம், அதை நீங்கள் வேறு காரணத்துக்காகச் செய்திருந்தாலும் சரியான காரியம்தான். தட்டைப் பிரித்து வைக்கத் தேவையில்லை, காசநோய் தட்டில் பரவாது, இருமலில் காற்று வழியாகத்தான் பரவும். மருந்து ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த இரண்டு மூன்று வாரத்திலேயே பரப்புகிற தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அந்த நான்கு நாள் இடைவெளி இருப்பதால், இரண்டு மாதச் சளிப் பரிசோதனை வரும்வரை இருமும்போது அவர் துண்டால் வாயை மூடிக்கொள்ளட்டும், ராத்திரி மகள் உங்களோடு படுக்கட்டும்.

சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், பாதி நோயாளிகளை சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் வைத்தும் பாதிப் பேரை வீட்டிலேயே வைத்தும் ஒரு வருடம் வைத்தியம் பார்த்தது. நெருக்கடியான சின்ன வீடுகள்தான் அவை. குணமாவதிலும் பெரிய வித்தியாசம் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்தவர்களின் குடும்பத்தில் நோய் அதிகமாகப் பரவவும் இல்லை. நோயாளியை வீட்டோடு வைத்து வைத்தியம் பார்க்கலாம் என்று உலகம் நம்ப ஆரம்பித்ததற்கு அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம்.

மகளை அப்பாவிடம் விடுவதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த வாரமே மகளையும் கூட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இந்த நோய் வேகமாக முற்றும். அவளுக்கு நோய் இல்லை என்று பார்த்துவிட்டுத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள், உங்களையும் அத்தையையும்கூடப் பரிசோதிப்பார்கள். அதை ஆரம்பித்துவிட்டு, சாயங்காலம் அவர் தார்சாவில் காற்றுப்பட உட்கார்ந்திருக்கும்போது மகளை விடுங்கள். ஏழு வாரமாக அவள் தூர நின்றே பார்க்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள், போய் மடியில் உட்காரட்டும்.